கரும்பை விட்ட நிலத்தில் மரக்கன்று பிழைக்க வைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம் பக்கம் கரும்பு போடாமல் கிடக்கும் நிலங்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அங்கே உள்நாட்டு மரங்கள் வருமா என்ற சந்தேகமே வேண்டாம். வெருலத்தை அடுத்த பஃபல்ஸ்டிராயில், குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள பழைய கரும்புக் காட்டில் டர்பன் நகராட்சி 2008-ல் மரம் நடும் திட்டத்தை ஆரம்பித்தது, இன்று போய்ப் பாருங்கள்.

படி 1: விதை. முதலில் ஸ்வீட் தோர்ன், நம் கருவேலத்தின் உறவு. தோல் கெட்டி, அதனால் கொதித்து இறக்கிய நீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். உம்டோனி நாவல் இனம், அதன் விதை காய்ந்தால் முளைக்காது, பழத்திலிருந்து எடுத்ததுமே போட்டுவிட வேண்டும். பையில் கன்று வளர்ப்பது தெரிந்ததுதானே, அதை விடுகிறேன்.

படி 2: பருவம். அக்டோபர், நவம்பரில் மழை பிடித்ததும் நடுங்கள். உம்டோனியை ஓடைக்கரையில், ஈரத் தாழ்வில் மட்டும்.

படி 3: புல். பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான், எனக்கும் இது பிடிபட நாளானது. கன்று வாடினால் வெயிலைக் குற்றம் சொல்கிறோம், ஆனால் மேல்மண்ணின் ஈரத்தைக் குடித்துத் தீர்ப்பது கினிப்புல்தான், கன்றின் சின்ன வேர் அதோடு போட்டி போட முடியாது. மேலே வெட்டினால் போதாது, வேர் உயிரோடு இருக்கும், மழை வந்ததும் இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு மம்பட்டியால் வேரோடு கொத்தி எடுங்கள், பழைய கரும்புக் கட்டை இருந்தால் அதையும் சேர்த்து, இல்லாவிட்டால் அதிலிருந்து மறுதாம்பு, அதாவது மறுபடியும் கரும்பு, கிளம்பிவிடும். புல்வெட்டும் இயந்திரத்தை இந்த வேலைக்கு நான் தொடவே மாட்டேன், மம்பட்டிதான். விதை பிடிக்காத காய்ந்த புல்லை மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டி வேண்டாம். குளிர்காலக் கடைசியில் மலைப்பக்கமிருந்து சூடான காற்று வீசும்போது காய்ந்த புல் நெருப்பை இழுத்துக்கொண்டு வரும், அதனால் ஜூனுக்கு முன்பே நிலத்தைச் சுற்றி அகலமாகப் புல்லில்லாத தடம் போட்டுவிடுங்கள்.

படி 4: டிராக்டர் ஓடிய தடத்தில் மண் இறுகியிருக்கும். மழைக்குப் பிறகு கம்பியைக் குத்துங்கள், இறங்காமல் நின்றால் கடப்பாரையால் உடைத்துவிட்டு நடுங்கள்.

பிற்சேர்க்கை: புல்லை எடுத்த பிறகும் கன்று மஞ்சளாகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழைய களைக்கொல்லி மண்ணில் மிச்சமிருக்கலாம். அந்த மண்ணில் ஒரு தொட்டி, நல்ல மண்ணில் ஒரு தொட்டி, இரண்டிலும் பீன்ஸ் விதைத்து ஒரே மாதிரி தண்ணீர் விடுங்கள். வயல் மண்ணில் மட்டும் இலை வெளுத்துக் கருகினால் அந்த இடத்தை ஒரு மழைக்காலம் விட்டுவிட்டு, திரும்பவும் பீன்ஸ் போட்டுப் பார்த்த பிறகு நடுங்கள்.