வாய்க்காலை ஒட்டி எழும் கட்டடம்: உள்ளாட்சியின் கண்காணிப்பை உறுதி செய்யும் வழி

2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதையே பலரும் நினைவுகூர்கிறார்கள். ஆனால் அந்த உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. அதற்கு மேற்பகுதியில் உள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகளின் உபரிநீர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததும், அது வடிய வேண்டிய வழிகள் குறுகிக் கிடந்ததுமே முக்கியக் காரணங்கள். இத்தகைய புறநகர்ப் பகுதிகளில் புதிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டப்படும்போது, அது முறைப்படி எழுகிறதா என்பதை அங்கே குடியிருப்போர் தாமே சரிபார்த்து, உள்ளாட்சி அமைப்பை நடவடிக்கை எடுக்க வைக்க முடியும்.

முதலில் நிலத்தின் வரலாறு தெரிய வேண்டும். அரசின் இணையவழி நிலப் பதிவுச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்து 'அ' பதிவேட்டின் (நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் வருவாய்ப் பதிவு) நகலையும் புலப்படத்தையும் (சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் எழும் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. அதைச் சுற்றியுள்ள எண்களையும் பார்க்க வேண்டும். வாய்க்கால் பெரும்பாலும் தனி சர்வே எண்ணாக, சர்க்கார் புறம்போக்கு, அதாவது அரசு நிலம், என்ற வகைப்பாட்டில் பதிவாகியிருக்கும். புலப்படத்தில் அதன் இரு கரைக் கோடுகளுக்கு நடுவே உள்ள அகலத்தைக் கணக்கிட்டு, பிறகு நேரில் சென்று நாடாவால் அளந்து பாருங்கள். படத்தில் ஐந்தாறு மீட்டர் அகலமுள்ள வாய்க்கால், களத்தில் சுற்றுச்சுவருக்கு அடியில் ஓடும் ஒற்றைக் குழாயாகச் சுருங்கியிருந்தால், உங்கள் புகாருக்கு வேறு ஆதாரமே தேவையில்லை. அளக்கும்போது நாடாவும் பின்னணியும் தெரியும்படி புகைப்படம் எடுத்து, தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அனுமதி ஆவணம். பெரிய கட்டடங்களுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ நகர் ஊரமைப்பு இயக்ககமோ திட்ட அனுமதி வழங்குகின்றன. சிறிய குடியிருப்புகளுக்கு அந்த அதிகாரம் உள்ளாட்சியிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்றின் அடிப்படையில், அதாவது விதிகளைப் பின்பற்றுவதாகக் கட்டுவோர் தாமே தரும் உறுதிமொழியை ஏற்று, உடனடியாக அனுமதி கிடைக்கிறது. வீடு கட்டுவோருக்கு இது பெரிய நிம்மதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் தாழ்வான பகுதிகளில் அதிகாரி முன்கூட்டியே வந்து பார்ப்பார் என்று இனி இருந்துவிட முடியாது என்பதால், அக்கம்பக்கத்தாரின் கவனத்துக்கு முன்பைவிட இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

அனுமதிக் கோப்பில் நீங்கள் தேட வேண்டிய மிக முக்கியமான தாள், வெள்ளத் தேக்கம் குறித்து நீர்வளத் துறை வழங்கும் தடையின்மைச் சான்று. மனையை எந்த மட்டம் வரை உயர்த்த வேண்டும், வாய்க்காலை எந்த அகலத்தில் விட்டுவைக்க வேண்டும், எங்கே சிறுபாலம் கட்ட வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். அனுபவத்தில் மட்டம் உயர்த்தும் நிபந்தனை மட்டும் உடனே நிறைவேறிவிடுகிறது. வாய்க்காலைப் பற்றிய நிபந்தனை தாளிலேயே தங்கிவிடுகிறது. விளைவாக, மண் கொட்டி மேடாக்கிய புதிய மனை தப்பிக்க, அதில் தேங்க வேண்டிய நீர் பக்கத்துத் தெருவின் பழைய வீடுகளுக்குள் புகுகிறது. ஆகவே சான்று இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதன் ஒவ்வொரு நிபந்தனையும் களத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இந்த ஆவணங்களைப் பெற, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் அனுமதி வழங்கிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். "அனுமதி முறையானதா?" என்று கருத்துக் கேட்டால் பதில் கிடைக்காது. திட்ட அனுமதி எண், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், தடையின்மைச் சான்றின் நகல், கள ஆய்வு அறிக்கை என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் கட்டடம் நிற்காது என்பதால், புகாரை அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் பிரிவு 57 அனுமதியின்றியோ அனுமதியை மீறியோ நடக்கும் பணியை நிறுத்தவும், பிரிவு 56 அதை அகற்றவும் அதிகாரம் தருகின்றன. இரண்டையும் மனுவில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நகராட்சி அல்லது மாநகராட்சியானால் ஆணையருக்கோ, ஊராட்சியானால் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்குமோ அனுப்புங்கள். ஆக்கிரமிக்கப்பட்டிருப்பது ஏரி நிலமே என்றால், ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007-ஐச் சுட்டி நீர்வளத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் நகல் வையுங்கள். பதிவுத் தபால் ஒப்புகையையோ, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் தரப்படும் மனு ரசீதையோ பத்திரப்படுத்துங்கள். பின்னர் உயர் நீதிமன்றத்தை அணுக நேர்ந்தால், நீங்கள் அதிகாரியிடம் முறையிட்டும் அவர் செயல்படவில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஊராட்சிப் பகுதியில் இருப்போருக்குக் கிராம சபை என்ற கூடுதல் வாய்ப்பும் உண்டு. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் சபையில் வாய்க்காலை அளந்து எல்லைக்கல் நடக் கோரும் தீர்மானத்தைச் சர்வே எண்ணுடன் முன்வையுங்கள். அது தீர்மானப் பதிவேட்டில் அதே எண்ணுடன் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகர்ப்புறத்தில், வார்டின் ஒரு பகுதியில் வசிப்போர் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் இதே கோரிக்கையை வைக்கலாம். மார்ச்சில் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் நில அளவைக்கும் தூர்வாருவதற்கும் ஏறத்தாழ ஆறு மாத அவகாசம் கிடைக்கும்.