ரப்பர் தவளையில் விரால் பிடிப்பது எப்படி? தூண்டிலுக்குப் புதியவர்களுக்கு

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பதற்காக உருவான பொய் இரைதான் ரப்பர் தவளை. அது நம் ஊர் விராலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. இரண்டுமே இலைகளுக்கு அடியில் பதுங்கிக் கிடந்து, மேலே போகும் இரையைப் பாய்ந்து கவ்வும் மீன்கள். ஆனால் பாஸ் வீடியோக்களை மட்டும் பார்த்துவிட்டு ஏரிக்குக் கிளம்பும் தம்பிகள் பலர் வெறுங்கையோடு வருவதைப் பார்க்கிறேன். விராலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே காற்றறை இருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அதாவது, தான் எங்கே இருக்கிறது என்பதை அந்த மீனே வந்து உங்களுக்குக் காட்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அனுமதி. பெரும்பாலான ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையை யாராவது ஏலத்திலோ குத்தகையிலோ எடுத்திருப்பார்கள். அவரைத் தேடிப்போய்க் கேட்டுவிடுங்கள். மரியாதையாகக் கேட்டால் பலர் சரி என்பார்கள், சிலர் சிறு தொகை கேட்பார்கள். வேடந்தாங்கல் மாதிரி பறவை சரணாலய ஏரிகள் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது.

தண்ணீரைப் பார்ப்பது

விடிந்த நேரம், காற்றில்லாத நாள். இதுதான் புதியவர்களுக்கு நல்லது. காற்று அடித்தால் நீர் மேல் சிற்றலை எழுந்து எதுவும் தெரியாது. கரைக்கு வந்ததும் தூண்டிலை வீசாதீர்கள். கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். அல்லி இலைகளுக்கு இடையே இருக்கும் சந்து, கோரைப்புல்லின் ஓரம், ஆகாயத்தாமரைத் திட்டு முடியும் இடம், நீருக்குள் சாய்ந்த கருவேல மரத்தின் நிழல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஜிலேபிக் கெண்டை துள்ளினால் 'சளப்' என்று நீர் தெறிக்கும். விரால் மூச்சு வாங்குவது வேறு மாதிரி. மூக்கு மெதுவாக மேலே வரும், 'ப்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம், ஒரு வட்ட அலை, பின்னால் ஒன்றிரண்டு குமிழி. அந்த இடத்தைப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஓர் இலையையோ குச்சியையோ வைத்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மீன் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

கரையில் தொம் தொம் என்று நடக்க வேண்டாம். அதிர்வு தெரிந்தால் அடங்கிவிடும்.

சாமான்கள்

ஆறரை முதல் ஏழு அடி நீளத்தில், அதிகம் வளையாத, கொஞ்சம் விறைப்பான ராட், அதாவது தூண்டில் கோல். நூலைச் சுற்றி வைக்க ஸ்பின்னிங் ரீல், 3000 அளவு போதும். முதல் ராடுக்கும் ரீலுக்கும் பெரிய தொகை போட வேண்டாம். மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் நூல்தான். வழக்கமான நைலான் தங்கூசி இழுக்க இழுக்க நீளும். நீங்கள் இங்கே சுண்டுகிற வேகம் அந்தப் பக்கம் தூண்டில் முள்ளுக்குப் போய்ச் சேராது. கடையில் பிரெய்டு என்று கேட்டு, 30 அல்லது 40 பவுண்டு தாங்கும் பின்னல் நூலை வாங்குங்கள். அது நீளாது, கோரைத் தண்டில் மாட்டினாலும் அறுத்துக்கொண்டு வரும். ஒரே ஓர் எச்சரிக்கை: செடியில் சிக்கிக்கொண்டால் பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

தவளை 5 முதல் 6 சென்டிமீட்டர் நீளத்தில், மெத்தென்று இருக்க வேண்டும். கடையிலேயே இரண்டு விரலால் அதன் வயிற்றையும் முதுகையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். முதுகை ஒட்டிப் படுத்திருக்கும் இரட்டை முள் அப்போது முழுசாக வெளியே தெரிய வேண்டும். விரால் கவ்வும்போது நடப்பதும் இதுதான். அழுத்தியும் முள் வெளியே வராத கெட்டித் தவளையை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்து குறடால் இரண்டு முட்களையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக விரித்துவிடுங்கள். கால் இழைகள் நீளமாகத் தொங்கினால் பாதியாக வெட்டிவிடலாம். இல்லையென்றால் சின்ன விரால்கள் அந்த இழைகளை மட்டும் கடித்து இழுத்துவிட்டுப் போகும்.

முடிச்சு எளிதுதான். நூலை இரட்டையாக மடித்து, தவளையின் மூக்கு வளையத்துக்குள் விடுங்கள். அந்த மடிப்பைக் கொண்டே தளர்வாக ஒரு சாதாரண முடிச்சு போடுங்கள். மிஞ்சி நிற்கும் மடிப்பு வழியாகத் தவளையை முழுசாக நுழைத்து எடுங்கள். எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். பாலோமர் முடிச்சு என்பது இதைத்தான்.

வீசுவதும் இழுப்பதும்

குறித்த இடத்துக்கு நேராக வீசாமல் ஆறேழு அடி தாண்டி வீசுங்கள். தலை மேல் தொப்பென்று விழுந்தால் எந்த மீனும் மிரளும். இலை மேல் விழுந்தால் இன்னும் நல்லது. மெதுவாக இழுத்து, தவளையே இலையிலிருந்து தண்ணீருக்குள் குதித்த மாதிரி நழுவ விடுங்கள். அப்புறம் ராட் முனையைக் கீழே வைத்து, மணிக்கட்டால் சின்னச் சின்னதாகச் சுண்டி வாருங்கள். சந்து வந்ததும் நிறுத்துங்கள். அலை வட்டம் அடங்கும் வரை அசைக்காதீர்கள். விரால் பாய்ந்து கவ்வும் அந்த அடி பெரும்பாலும் அந்த நிசப்தத்தில்தான் விழும். நாலைந்து வீச்சுக்கு ஒரு முறை தவளையைப் பிழிந்து உள்ளே புகுந்த தண்ணீரை எடுத்துவிடுங்கள்.

அடி விழுந்ததும்

புதியவர்கள் மீனை இழப்பது முக்கால்வாசி இங்கேதான். நானும் முதல் மழைக்காலம் முழுக்க இங்கேதான் இழந்தேன். நீர் வெடித்துச் சிதறும், கை தானாக இழுத்துவிடும், தவளை மட்டும் பறந்து வந்து காலடியில் விழும். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் இதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அவசரப்படாத தம்பி. அது வாய மூடிக்கிட்டுத் திரும்பணும். திரும்புறப்ப நூலு ஒரு பக்கமா ஓடும் பாரு, அப்ப இழு."

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. அடி விழுந்ததும் ராட் முனையை மீன் பக்கம் தாழ்த்துங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். தொய்வை மட்டும் ரீலில் சுற்றுங்கள். நூல் பக்கவாட்டில் நகர்ந்து, கையில் கனம் தெரிந்த பிறகு, முழுக் கையாலும் மேல்நோக்கி ஓங்கி இழுங்கள். கனமே தெரியவில்லை என்றால் இழுக்காதீர்கள். தவளை அங்கேயே கிடக்கட்டும், இன்னொரு முறை லேசாகச் சுண்டுங்கள். தவறவிட்ட விரால் திரும்ப வந்து அடிப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

மாட்டியதும் இடம் கொடுக்காதீர்கள். மீன் இழுக்கும்போது நூல் எளிதில் ஓடாமல் பிடித்து வைக்கும் ரீலின் டிராக் முன்பே நன்றாக இறுகியிருக்க வேண்டும். தலையை நீருக்கு மேலேயே வைத்து, இலைகளின் மேலாக வழுக்கிக்கொண்டே கரைக்குக் கொண்டுவாருங்கள். தண்டுக்குள் தலையை விட்டுவிட்டால் மீட்பது கஷ்டம்.

பாஸைக் கீழ்த்தாடையில் கட்டைவிரலை விட்டுத் தூக்குவார்கள். விராலிடம் அதைச் செய்யவே கூடாது, பற்கள் கூர்மையானவை. ஈரத் துணியால் உடலைப் பிடித்து, மூக்குக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். முள் நுனியில் பின்பக்கமாக நீட்டி நிற்கும் எதிர்க்கொக்கியை முன்பே குறடால் நசுக்கி வைத்திருந்தால் மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது. கரையோரச் சேற்றில் பாம்பு இருக்கும், அதனால் செருப்போடு போகாமல் ஷூ போடுங்கள்.

எப்போது வீசக் கூடாது

மழைக்காலத்தில் நீர் மேல் கையகலத்துக்குச் செம்பழுப்பாக ஒரு திட்டு கொதிக்கிற மாதிரி நகர்வதைப் பார்ப்பீர்கள். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் மூச்சு வாங்க ஒன்றாக மேலே வருவதுதான் அது. அடியில் தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும், சில நேரம் இரண்டும் நிற்கும். அங்கே தவளையை வீசினால் அடி நிச்சயம். பசிக்காக அடிப்பதில்லை, குஞ்சைக் காக்க அடிக்கிறது. கடைகளில் அதற்கென்றே தனித் தூண்டில்கூட விற்கிறார்கள். காவல் மீனை எடுத்துவிட்டால் ஜிலேபியும் கெளுத்தியும் கொக்கும் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்க்க அதிக நேரம் ஆகாது. அந்தச் செந்திட்டைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, கரையில் நூறடி தள்ளிப் போய் வேறு சந்தைத் தேடுங்கள்.