பெயருக்குக் கருத்துக் கேட்காதீர்கள்: பிள்ளைகளோடு சேர்ந்து குடும்ப விழுமியங்களை வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம குடும்பத்துக்கு எதெல்லாம் முக்கியம்னு எல்லோரும் சேர்ந்து பேசலாம்" என்று பிள்ளைகளை உட்கார வைக்கிற பெற்றோரில் பலர், பேச்சு தொடங்கும் முன்பே விடையை மனதில் எழுதி முடித்திருப்பார்கள். ஒழுங்கு, படிப்பு, கைபேசியைக் குறைப்பது. பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எந்தப் பதிலுக்காக அம்மா அப்பா காத்திருக்கிறார்கள் என்று சீக்கிரமே மோப்பம் பிடித்து, அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மிஞ்சுவது ஒரு பட்டியல். அது பெற்றோரின் பட்டியல். பிள்ளைகளின் கையெழுத்து மட்டும் கீழே இருக்கும்.

இந்தக் கண்துடைப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிள்ளை சொன்ன காரணத்தால் பட்டியலில் ஒரு வரியாவது மாறியதா என்று பாருங்கள். பத்து வயது மகள், "வீட்ல யாரும் கத்தக் கூடாது" என்கிறாள் என்று வையுங்கள். உடனே வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: "நீ சொன்ன பேச்சைக் கேட்டா நான் ஏன் கத்தப்போறேன்?" அவ்வளவுதான், அன்றைய கலந்துரையாடல் அங்கேயே முடிந்தது. இனி அவள் உண்மையில் நினைப்பதைச் சொல்ல மாட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, "நான் எப்போ கத்தும்போது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டிருந்தால், அந்த ஒரு கேள்வியிலிருந்தே உருப்படியான ஒரு முடிவு பிறந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, பிடிக்காத முடிவு வந்ததும் திரும்பப் பிடுங்கிக்கொள்வது. பாதுகாப்பு, உடல்நலம், வீட்டு வரவுசெலவின் எல்லை போன்றவை பேரத்துக்கு உட்பட்டவை அல்ல என்றால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அதை ஏற்பார்கள். பாதியில் விதியை மாற்றுவதைத்தான் ஏற்க மாட்டார்கள். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே தொனியில்தான் இருக்கிறது: தன்னைப் பாதிக்கிற விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும். பிள்ளை சொல்வதே இறுதி முடிவு என்று அது சொல்லவில்லை.

அடுத்தது, பெரிய சொற்களின் மீதுள்ள மோகம். நேர்மை, மரியாதை, அன்பு, பொறுப்பு என்று நான்கு சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். யாருமே மறுக்க முடியாத சொற்கள் அவை. அதனாலேயே எதையும் முடிவு செய்ய உதவாதவை. விழுமியங்களுக்குச் சோதனை வருவது ஒன்றோடொன்று மோதும்போதுதான். உறவினர் கொடுத்த பரிசு பிடிக்கவில்லை. "பிடிச்சிருக்கா?" என்று அவர் கேட்கிறார். நேர்மை ஒரு பதிலைச் சொல்கிறது, அன்பு வேறொன்றைச் சொல்கிறது. நண்பனின் ரகசியத்தைக் காப்பதா, அவன் ஆபத்தில் இருக்கிறான் என்று பெரியவர்களிடம் சொல்வதா? தம்பிக்கு உதவுவதா, தன் வேலையை முடிப்பதா? இப்படிப்பட்ட நிலைமைகளை வைத்துப் பேசினால் ஏழு வயதுப் பிள்ளைகூட ஆர்வமாக வாதாடும். 'மரியாதை என்றால் என்ன?' என்று கேட்டால் கூரையைப் பார்க்கும். பேச்சின் முடிவில் "பரிசு கொடுத்தவரிடம் பொய் சொல்ல வேண்டாம், அவர் நம்மை நினைத்துக்கொண்டதற்கு நன்றி சொல்லலாம்" என்பது போன்ற ஒரு வரி கிடைத்தால், அது நான்கு பெரிய சொற்களைவிட மேல்.

பட்டியல் யாருக்காக என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து, இது யாருடைய நடத்தையை மாற்றச் சொல்கிறது என்று குறித்துப் பாருங்கள். எல்லாம் பிள்ளைகளுடையது என்றால் உங்கள் கையில் இருப்பது வீட்டு விதிகள்தான், குடும்ப விழுமியம் அல்ல. விதிகள் இருப்பதில் தப்பில்லை, பெயரை மாற்றி ஏமாற்ற வேண்டாம் என்கிறேன். ஊருக்கு உபதேசம் செய்கிற பெரியவர்களைக் குழந்தைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் என்ற இரு உளவியலாளர்கள் 1970-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. விளையாட்டில் வென்றதிலிருந்து பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் போதிக்கிறார். ஆனால் தான் கொடுப்பதில்லை. இன்னொருவர் கொடுத்துக் காட்டுகிறார். குழந்தைகள் கொடுத்தார்களா இல்லையா என்பதைத் தீர்மானித்தது பெரியவரின் செயல்தான், பேச்சு அல்ல. ஆக, 'சாப்பிடும்போது கைபேசி கிடையாது' என்று எழுதினால் அப்பாவின் அலுவலக அழைப்புக்கும் அது பொருந்த வேண்டும். பொருந்தாது என்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிடலாம்.

இலக்குகளிலும் இதே கதைதான், கொஞ்சம் நாசூக்காக. 'இந்த வருஷம் நம்ம குடும்பத்தோட இலக்கு, அண்ணன் நல்ல மதிப்பெண் வாங்குறது' என்பது குடும்ப இலக்கு அல்ல. ஒருவர் சுமக்க, மற்றவர்கள் கண்காணிக்கிற இலக்கு அது. எல்லோருக்கும் அதில் வேலை இருக்க வேண்டும், முடிந்ததா இல்லையா என்று எல்லோராலும் பார்க்க முடிய வேண்டும். வாரம் ஒரு மாலை எல்லோரும் சேர்ந்து நடப்பது, ஒரு பயணத்துக்காக ஒவ்வொருவரும் தன்னால் முடிந்ததைச் சேமிப்பது, பாட்டியிடம் வாரம் ஒருமுறை ஆளுக்கொருவராகப் பேசுவது. அளவில் சிறியவைதான். ஆனால் 'இன்னும் நெருக்கமாக இருப்போம்' என்ற இலக்கைப் போல இவை காற்றில் கரைந்துபோகாது.

சரி, பரிசு கொடுக்கலாமா? உதவி செய்தால் ஒரு நட்சத்திரம், உண்மை பேசினால் ஒரு நட்சத்திரம் என்று அட்டவணை போடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. விருப்பத்தோடு படம் வரைகிற மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வர வேண்டும். வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாங்களாக வரைவதற்குச் செலவிட்ட நேரம் மற்றவர்களோடு ஒப்பிடும்போது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. பல் துலக்குவது போன்ற சலிப்பூட்டும் பழக்கங்களுக்கு நட்சத்திரம் ஒட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். இரக்கத்துக்கும் நேர்மைக்கும் கூலி பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

வயதை மறப்பதும் உண்டு. கோலி விளையாடும் குழந்தைகளைக் கவனித்து உளவியலாளர் ழான் பியாஜே 1932-இல் எழுதியதன் சாரம்: சிறு பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்த, மாற்ற முடியாத ஒன்று, வளர வளரத்தான் அது ஆடுபவர்களின் உடன்பாடு என்று புரிகிறது. ஆறு வயதுப் பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று தெரிவுகளைக் கொடுத்துக் கேளுங்கள், அல்லது வரையச் சொல்லுங்கள். பதின்பருவப் பிள்ளையோ, கூட்டம் போட்டால் வாயே திறக்காது. வண்டியில் போகும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ முகம் பார்க்காமல் பேசினால் நாலு வார்த்தை வரும்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சண்டை நடந்த அன்றே கூட்டம் போட்டால் அது விசாரணை. அதேபோல, கணவனும் மனைவியும் தங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயத்தைப் பிள்ளைகள் முன்னால் முதல்முறையாக எடுத்தால், பிள்ளைகள் கட்சி பிரிய வேண்டிவரும்.

அப்புறம், ஒட்டிவிட்டு மறப்பது. குடும்பக் கூட்டம் என்ற வழக்கத்தைப் பரப்பிய உளநல மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ், அது குறித்த நேரத்தில் தவறாமல் நடக்க வேண்டும், கூட்டத்தை நடத்துகிற பொறுப்பு பிள்ளைகளுக்கும் சுற்றி வர வேண்டும் என்றார். எட்டு வயதுத் தலைவர் நடத்தும் கூட்டம் கொஞ்சம் கோணலாகத்தான் போகும், போகட்டும். அந்தக் கூட்டத்தில் "போன தடவை எழுதியதில் எது நடக்கவே இல்லை? அதை அடித்துவிடலாமா, மாற்றலாமா?" என்ற கேள்வி கட்டாயம் வர வேண்டும். முதல் பதிலை அம்மாவோ அப்பாவோ தன் பங்கிலிருந்து சொல்ல வேண்டும். அதைவிட்டு, பிள்ளை தவறியபோதெல்லாம் பட்டியலைக் காட்டி "நீதானே எழுதினே?" என்று மடக்கினால், அடுத்த முறை அது பேனாவைத் தொடாது.