பாலிமர் மேற்பரப்பை டாஃப்-சிம்ஸில் சோதிப்பது எப்படி?

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளான ஜூரோங்கிலோ துவாஸிலோ தயாரான ஒரு பிலிமில் பசை ஒட்டவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் மேலே உள்ள 1–2 நானோமீட்டரில்தான் இருக்கும். டாஃப்-சிம்ஸ் (ToF-SIMS) பார்ப்பதும் அந்த ஆழத்தைத்தான்: அயனிக் கற்றையால் பரப்பை அடித்து, அதிலிருந்து தெறிக்கும் அயனிகளின் நிறையை அவை பறக்கும் நேரத்தை வைத்து அளக்கும் முறை இது.

மாதிரியை 1 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். கையுறை போட்டிருந்தாலும் ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடியுங்கள். ஜிப் பை வேண்டவே வேண்டாம். அதில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் எரூக்கமைடு மாதிரியில் ஒட்டி, நிறமாலையில் (நிறைவாரியான வரைபடத்தில்) நிறை எண் 338-இல் சிகரமாக வந்து நிற்கும். சுத்தமான கண்ணாடிக் குப்பியே நல்லது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால், அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்கவும். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் உடனே பனித்துவிடும். நைலான் நீரை உறிஞ்சி வைத்திருக்கும், அதனால் முதல் நாள் இரவே வெற்றிட அறையில் ஏற்றிவிடுங்கள்.

பரப்பில் பாய்ச்சும் அயனிகளின் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். சதுர செ.மீ.-க்கு 10¹² அயனிகளைத் தாண்டினால், அடிபட்டுச் சிதைந்த பரப்பைத்தான் அளப்பீர்கள். 200 × 200 மைக்ரோமீட்டர் பரப்பு, 0.3 பிகோஆம்பியர் பிஸ்மத் கற்றை (ஒற்றை மின்னூட்டம்) என்றால் சுமார் மூன்றரை நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் நிறுத்துங்கள், அடுத்த அளவீட்டுக்குப் புது இடம் தேடுங்கள்.

சிகரங்கள் அகன்றோ இடம் பெயர்ந்தோ வந்தால், பரப்பில் மின்னூட்டம் தேங்கியிருக்கிறது. அதைச் சமன்செய்யும் எலெக்ட்ரான் துப்பாக்கியைச் சரிசெய்யுங்கள்.

பிறகு நேர் அயனி நிறமாலையில் 73, 147 ஆகிய நிறை எண்களில் சிகரங்கள் இரண்டும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சிலிகோன் படிந்திருக்கிறது. ஷாம்பு, கைக்கிரீம், அச்சு விடுவிப்பான் எதிலிருந்தும் அது வரலாம். மாதிரி பாலிஸ்டைரீனாக இருந்து, அதற்குரிய 91 சிகரம் மங்கலாகவே தெரிந்தால், அந்தச் சிலிகோன் படலம் அதை மறைத்திருக்கக்கூடும்.