ஐரோப்பாவின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஒரு நாடு ஜெயிக்க

பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் 6 பேருக்கு மேல் ஏறக் கூடாது. முதன்மைக் குரல் நேரலையில்தான் ஒலிக்க வேண்டும். ஆகவே நடனத்தைக் குறைத்து, பாடகர் மூச்சு வாங்க இடம் விடுங்கள்.

நடுவர்கள் புள்ளி போடுவது இறுதிச் சுற்றுக்கு முந்தைய இரவு ஒத்திகையைப் பார்த்து. அன்று 'குரலைச் சேமிக்கிறேன்' என்று முனகினால் போச்சு!

ஒவ்வொரு நாட்டிலும் நடுவர்களும் மக்களும் தனித்தனியே 10 பாடல்களுக்கே 12, 10, பிறகு 8 முதல் 1 வரை புள்ளி தருவார்கள். எல்லாருக்கும் 'பரவாயில்லை' எனத் தோன்றும் பாட்டு எங்கும் 11ஆவதாக நின்று பூஜ்யம் வாங்கும். வெறும் ஆரவாரமும் போதாது: 2023இல் மக்கள் வாக்கில் ஃபின்லாந்து 376 எடுத்து முந்தியது, நடுவர்களிடம் 340 பெற்ற ஸ்வீடனே மொத்தம் 583உடன் வென்றது.

மொழி? 2017இல் போர்ச்சுகல் தாய்மொழியிலேயே பாடி 758 அள்ளியது.