ஸ்கூல் ஃபேர்வெல்லுக்கு ஸ்பெஷல் வண்டி: பெங்களூர்ல எடுக்கறவங்க முதல்ல பஞ்சாங்கத்த பாருங்க

டிசம்பர் வந்துட்டா பன்னெண்டாவது படிக்கற புள்ளைங்க இருக்கற வீட்ல ஒரே பேச்சுதான், என்ன சேலை, என்ன சூட்டு, அப்பறம் எந்த வண்டில போறது. சில இன்டர்நேஷனல் ஸ்கூல்ல ப்ராம் நைட்டுன்னே கார்டு அடிக்கறாங்க, மத்த எடத்துல ஃபேர்வெல், எதுவா இருந்தாலும் கேட்ல வந்து எறங்கற அந்த அஞ்சு நிமிஷத்துக்குதான் இவ்ளோ அலம்பலும். பண்ணட்டும், இந்த வயசுல ஆசப்படாம எப்ப ஆசப்படறது. ஆனா வண்டி தேடறப்ப எல்லாரும் முதல்ல எந்த கார்னு பாக்கறாங்க, முதல்ல பாக்க வேண்டியது தேதி.

ஏன்னா இந்த ஊர்ல வாடகை வண்டி கெடைக்கறதும் கெடைக்காததும் ஸ்கூல் காலண்டர்ல இல்ல, பஞ்சாங்கத்துல இருக்கு. சிபிஎஸ்இ பரீட்சை பிப்ரவரி நடுவுல ஆரம்பிச்சிடும், அதனால ஃபேர்வெல் பெரும்பாலும் டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி மொத வாரத்துக்குள்ள வந்துடும், அதுக்கு நடு மையத்துல பொங்கல். பொங்கலுக்கு முன்னாடி மார்கழி, நம்மள்லயும் கல்யாணம் கெடையாது, கன்னடக்காரங்களுக்கும் தனுர் மாசம், அவங்களும் வெக்க மாட்டாங்க, அதனால மாப்பிள்ளை அழைப்புக்கு போற ஆடி கார், பென்ஸ், பூ ஜோடிச்ச கார் எல்லாம் ஷெட்ல சும்மா நிக்கும், பேசினா ரேட்டு கொறையும். ஆனா அதே சமயத்துல டிடி, அதான் டெம்போ ட்ராவலர், ஒண்ணு கூட ஊர்ல இருக்காது, பாதி சபரிமலைக்கு போயிருக்கும், மீதி செவப்பு சேலை கட்டின அம்மாங்கள ஏத்திட்டு மேல்மருவத்தூர் போயிருக்கும். தை பொறந்ததும் அப்படியே தலைகீழ். முகூர்த்தம் வரிசையா வரும், கார் கெடைக்காது, டிடி திரும்பி வந்துடும் (மேல்மருவத்தூர் கூட்டம் தைப்பூசம் வரைக்கும் போகும், அதனால பொங்கல் மறுநாளே வண்டி வந்து நிக்கும்னு நெனைக்காதீங்க).

ஆக நாலு பேர் ஒரு சொகுசு கார்ல போகணும்னா மார்கழி நல்லது, பதினஞ்சு பேர் கூட்டமா ஆட்டம் போட்டுட்டு போகணும்னா தை நல்லது. ஸ்கூல் வெச்ச தேதி இதுக்கு எதிரா இருந்தா ஒண்ணரை மாசம் முன்னாடியே அட்வான்ஸ் குடுத்து வெச்சிடுங்க. தை மாசம் ஞாயித்துக்கெழமை முகூர்த்த நாளா இருந்துட்டா அந்த ஆசையவே விட்டுடறது பெட்டர், நம்ம அவசரத்துக்கு கல்யாண வீட்டுக்காரங்களோட போட்டி போட முடியாது.

இப்ப வண்டிக்கு வருவோம். நீட்டு லிமோசின் கேக்கற பசங்க இருக்காங்க. 25 அடிக்கு மேல நீளம், அல்சூர் பஜார் தெருவுலயோ லிங்கராஜபுரம் கிராஸ்லயோ அத திருப்ப நெனச்சா பின்னாடி நூறு ஹாரன் அடிக்கும், வீட்டு வாசலுக்கு வராது, மெயின் ரோட்டுல நிக்கும், பட்டுச்சேலைய தூக்கி புடிச்சிட்டு நடந்துதான் போகணும். அதுவும் போக சாதா காரை வெட்டி நீட்டினதா இருந்தா கேள்வி வரும், கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தறதுக்கு மோட்டார் வாகன சட்டத்துல தடை இருக்கு. பழைய காலத்து கார் கேட்டா இன்னொரு சிக்கல். 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டிய வின்டேஜ்னு பதிவு பண்ணா நம்பர்ல விஏன்னு வரும், 2021-ல வந்த விதிப்படி அத வாடகைக்கு ஓட்டக் கூடாது. அம்பாசிடர்தான் வேணும்னா மஞ்ச போர்டு இருக்கறதா தேடுங்க, தயாரிப்பு 2014-லயே நின்னு போச்சு, அதனால ஏசி ஓடுதான்னு உள்ள உக்காந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. தெறந்த ஜீப்பு ஃபோட்டோல மட்டும்தான் நல்லா இருக்கும், அவுட்டர் ரிங் ரோடு தூசில ரெண்டு கிலோமீட்டர் போனா மேக்கப் முடிஞ்சது, முந்தானை துப்பட்டா எல்லாம் காத்துல பறந்து சக்கரத்துல மாட்டற ஆபத்தும் இருக்கு, பொண்ணுங்கள அதுல ஏத்தவே ஏத்தாதீங்க.

என்ன கேட்டா டிடிதான் பெஸ்ட். 12 சீட்டு, 17 சீட்டு, 26 சீட்டுன்னு இருக்கு, கலாசிபாளையம் பக்கம் போனா ட்ராவல்ஸ் ஆபீஸ் வரிசையா இருக்கும், நேர்ல போயி வண்டிய பாத்துட்டு வரலாம். ஆளுக்கு ஒரு சீட்டு கணக்கு பண்ணுங்க, 12 சீட்டுல 16 பேர் ஏறி ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, அதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கன்னா டிரைவர் சிரிப்பாரு, போலீஸ்காரர் சிரிக்க மாட்டாரு. முழு கிளாசே சேந்து போறதா இருந்தா யாருக்கும் தோணாத ஒரு வழி, பிஎம்டிசி, அதான் நம்ம ஊர் டவுன் பஸ்ஸ கேஷுவல் கான்ட்ராக்ட்ல முழுசா வாடகைக்கு எடுக்கறது. கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கறாங்க, டிப்போல போயி கேட்டா சொல்லுவாங்க. தெனமும் தொங்கிட்டு போன அதே பஸ்ல கோட்டு சூட்டு போட்டு ஜன்னல் சீட்டுல உக்காந்து போறது லிமோசின விட எனக்கு கெத்தா தெரியுது, பசங்க ஒத்துக்க மாட்டாங்க, அது வேற விஷயம்.

அடுத்தது நம்பர் பிளேட், இத மட்டும் தயவு செஞ்சு விட்டுடாதீங்க. மஞ்ச போர்டுல கருப்பு எழுத்துன்னா டாக்சி, வாடகைக்கு ஓட்டலாம். வெள்ள போர்டுன்னா சொந்த வண்டி, காசு வாங்கிட்டு ஆள் ஏத்தக் கூடாது. வாடகை எலக்ட்ரிக் வண்டின்னா பச்ச போர்டுல மஞ்ச எழுத்து இருக்கணும். இன்ஸ்டாகிராம்ல ஃபேர்வெல் ஆஃபர்னு போடற மஸ்டாங், ஜாகுவார் எல்லாத்தையும் ஒரு தடவ உத்துப் பாருங்க, வெள்ள போர்டு நெறய இருக்கும். அதுல என்ன ஆகிடப் போகுதுன்னா, ஏதாவது ஆக்சிடென்ட் ஆனா வாடகைக்கு ஓட்டினாங்கன்னு சொல்லி இன்சூரன்ஸ் கைய விரிச்சிடும், புள்ளைங்க உள்ள இருக்கறப்ப அந்த ரிஸ்க் எதுக்கு. நடு ரோட்டுல வண்டிய புடிச்சாலும் கேக்க ஆள் இல்ல, 2025 பிப்ரவரில கூட நம்ம ஊர்ல வரி கட்டாத வெளி மாநில சொகுசு கார்கள ஆர்டிஓ ஆளுங்க வரிசையா புடிச்சாங்க. நம்பர கேட்டு வாங்கி எம்பரிவாகன்ங்கற அரசாங்க ஆப்ல போட்டா எஃப்சி (வண்டி ஓட்ட தகுதியா இருக்குங்கற சர்டிபிகேட்), இன்சூரன்ஸ் எல்லாம் எது வரைக்கும் இருக்குன்னு தெரியும். நம்பர் தர மாட்டேன், அன்னிக்கு எந்த வண்டி ஃப்ரீயோ அது வரும்னு சொல்ற ஆளுகிட்ட அட்வான்ஸ் குடுக்காதீங்க.

கருப்பு போர்டுல மஞ்ச எழுத்து இருந்தா செல்ஃப் டிரைவ். பையன் நானே ஓட்டறேன்னு நிப்பான். 18 ஆகலன்னா பேச்சே இல்ல, 2019-ல திருத்தின சட்டப்படி மைனர் ஓட்டி தப்பு நடந்தா அப்பா அம்மாவுக்கும் வண்டி ஓனருக்கும் 25,000 ரூபா ஃபைனோட மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அந்த பையனுக்கு 25 வயசு ஆகற வரைக்கும் லைசன்ஸ் கெடைக்காது. இத அவன்கிட்ட படிச்சு காட்டுங்க, கத்த வேண்டியதில்ல.

ரேட்டு பேசறப்ப 4 மணி 40 கிலோமீட்டர், 8 மணி 80 கிலோமீட்டர்னு பேக்கேஜ் சொல்லுவாங்க. மொத்த ரேட்ட கேட்டு மயங்கிடாதீங்க, கிலோமீட்டர் எங்கேருந்து ஓட ஆரம்பிக்குதுன்னு கேளுங்க. ஷெட் டு ஷெட்னா வண்டி கெளம்பற எடத்துல இருந்து திரும்பற வரைக்கும் உங்க கணக்கு, ஷெட்டு கெங்கேரில, நீங்க ஒயிட்ஃபீல்டுல இருந்தா வர 35 போக 35-ன்னு 70 கிட்ட வெறும் வண்டிக்கே போயிடும், புள்ளைங்க ஏறி ரெண்டு சிக்னல் தாண்டினா எக்ஸ்ட்ரா மீட்டர் ஆரம்பம். அதனால பக்கத்து ஏரியா ட்ராவல்ஸ் ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தியா தெரிஞ்சாலும் கடைசில அதுதான் லாபம். டிரைவர் பேட்டா, ராத்திரி பேட்டா, பார்க்கிங், டோல், ஜிஎஸ்டி எல்லாம் சேத்தா சேக்காமலா, பூ ஜோடிக்கறது யாரு, ஒரு மணி நேரம் தாண்டினா எவ்ளோ, வண்டி பிரேக்டவுன் ஆனா அதே மாதிரி வேற வண்டி அனுப்புவாங்களா, எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. கேக் வெட்டறது, கலர் பேப்பர் ஊதறது இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா க்ளீனிங் சார்ஜுன்னு கடைசில ஒண்ணு வந்து நிக்கும். டேப் ஒட்டி ஜோடிச்சா பெயின்ட் உரியும்னு ஓனர் திட்டுவாரு, ரிப்பனே போதும்.

காச பாதியா கொறைக்கணும்னா போறதுக்கு மட்டும் ஸ்பெஷல் வண்டி எடுங்க. ராத்திரி பத்து மணிக்கு செருப்ப கையில தூக்கிட்டு தூக்கக் கலக்கத்துல வர்றப்ப எந்த வண்டின்னு யாரும் பாக்கப் போறதில்ல, அதுக்கு அப்பாவோட காரோ சாதா கேபோ போதும். அந்த மூணு நாலு மணி நேர வெயிட்டிங்தான் பில்ல ஏத்தறதே.

டைமிங்க தலகீழா போடுங்க, அதாவது கேட்ல எத்தன மணிக்கு எறங்கணும்ங்கறதுல இருந்து பின்னாடி எண்ணுங்க. ஜனவரில ஆறேகால் வாக்குல சூரியன் எறங்கிடும், ஃபோட்டோ அதுக்குள்ள முடியணும், அப்ப மேப்ல இப்ப காட்டற நேரத்த நம்பாம அதே கெழம அதே நேரத்துக்கு முந்தின வாரம் எவ்ளோ ஆச்சுன்னு பாத்து, மேல அர மணி போட்டுக்கோங்க. சில்க் போர்டு, ஹெப்பால், கேஆர் புரம் மாதிரி ட்ராஃபிக் ஜாம் ஆகற எடம் எதாவது வழியில இருந்தா இன்னும் கொஞ்சம். நாலு வீட்ல நாலு பிக்கப் வேண்டாம், ஒரே வீட்ல எல்லாரும் ரெடி ஆகி ஒரே எடத்துல ஏறட்டும், பாதி டென்ஷன் அங்கேயே போயிடும்.

சன்ரூஃப்ல நிக்கற வேலை மட்டும் கூடாதுன்னு டிரைவர் அண்ணன்கிட்ட நீங்களே புள்ளைங்க முன்னாடி சொல்லிடுங்க, அவரா சொன்னா கேக்க மாட்டாங்க. 2025-ல வித்யாரண்யபுரா பக்கம் அப்படி நின்னுட்டு போன சின்ன பையன் தல மேல இருந்த தடுப்புக் கம்பில இடிச்ச வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. டிடியோ பஸ்ஸோ எடுத்தா எமர்ஜென்சி கதவு தொறக்குதா, முன்னாடி லக்கேஜ் போட்டு அடைச்சிருக்காங்களான்னு ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவ தள்ளிப் பாருங்க. பெரியவங்க ஒருத்தர் கூட போகணும், பசங்களுக்கு புடிக்காதுதான், முன் சீட்டுல டிரைவர் பக்கத்துல வாய தொறக்காம உக்காந்துட்டா பொறுத்துக்குவாங்க.

வண்டி வந்ததும் மீட்டர ஒரு ஃபோட்டோ, விடறப்ப ஒரு ஃபோட்டோ, டிரைவர் முன்னாடியே எடுங்க. மீதி பணத்த ட்ரிப் முடிஞ்ச அப்பறம், புக்கிங்ல பேசின அதே ஆளோட அக்கவுன்ட்டுக்கு போடுங்க. டிரைவர் கையில குடுக்க சொன்னா ஓனருக்கு ஒரு ஃபோன் போட்டு கேட்டுட்டு குடுங்க, மறுநாள் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கேட்டு நிக்காம இருக்கும்.