போர் தண்ணி வரும் வீட்டில் குழாயும் கண்ணாடியும் உப்புப் பூக்காமல் இருக்க

ஓடும் தண்ணீர் கறை வைப்பதில்லை. தங்கி நின்று காயும் சொட்டுதான் வைக்கிறது. நீர் ஆவியானதும் அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் அதே இடத்தில் படிந்துவிடும். கடைசியாகப் பட்ட தண்ணீரைக் காயவிடாமல் எடுத்துவிட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது.

குளித்ததும் கண்ணாடித் தடுப்பையும் டைல்ஸையும் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் ஓரத்தைத் தொட வேண்டும். இடைவெளி விட்டால் அங்கே வெள்ளைக் கோடு விழும். குழாய்களுக்குப் பழைய பனியன் துணி போதும். குழாயின் அடிப்பகுதியும் வாயும்தான் முதலில் பூக்கும் இடங்கள், அவற்றை விட்டுவிடாதீர்கள். இவற்றைத் துடைத்து முடித்த பிறகே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். துடைக்காமல் போட்டால் சொட்டுகளைக் காயவைத்து உப்பை அங்கேயே நிறுத்திவிடும்.

ஆர்ஓ கழிவு நீரைச் சேமித்து பாத்ரூம் கழுவுவது சென்னையில் பல வீடுகளில் உண்டு. தண்ணீரை வீணாக்காத நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டியில் ஒதுங்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிட அதிகமாகக் கறை வைக்கும். அதை டாய்லெட்டுக்குள் ஊற்றுங்கள், கண்ணாடிக்கும் குழாய்க்கும் வேண்டாம். அவற்றைக் கடைசியாகத் துடைக்க ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் மிக நல்லது. காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. ஒரு பக்கெட்டில் பிடித்து, துணியில் வடிகட்டி, ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். குடிக்க மட்டும் கூடாது.

ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றாமல் எத்தனை முறை துடைத்தாலும் கறைக் கோடு திரும்ப வரும். கீசரை 50 டிகிரி அளவில் வையுங்கள். சூடு ஏற ஏற சுண்ணாம்பு அதிகமாகப் பிரிந்து ஹீட்டிங் எலிமென்டில் படியும். கட்டி சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகும். பாடி வாஷில் அந்தத் தொல்லை குறைவு.

ஏற்கெனவே பூத்த கறையை முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது சாதாரண உப்பு. போகாவிட்டால் சுண்ணாம்புப் படிவு. அதற்கு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, டிஷ்யூவை நனைத்துக் குழாயில் சுற்றி 15 நிமிடம் விடுங்கள். வினிகர் இல்லையென்றால் ஒரு லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட். அடைத்த ஷவரைக் கழற்ற வேண்டாம். இந்தக் கரைசலை பாலித்தீன் பையில் ஊற்றி, ஷவர் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் அரை மணி நேரம் கட்டுங்கள். பிறகு நன்றாக அலசித் துடையுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் குரோம் பூச்சு மங்கும். ஸ்டீல் நார் கீறல் போடும், அந்தக் கீறலில் அடுத்த உப்பு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

மொசைக், மார்பிள், கடப்பா கல் தரைகளில் வினிகரோ எலுமிச்சையோ படவே கூடாது. இவற்றிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது. கறையோடு சேர்ந்து கல்லும் அரிக்கப்பட்டுப் பளபளப்பு நிரந்தரமாகப் போகும். கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டைக் கரைத்துவிடும். எந்த ஆசிடையும், வினிகரையும்கூட, பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வெளியேறி உயிருக்கே ஆபத்தாகும்.

வீடு முழுக்கச் சாஃப்ட்னர், அதாவது கடின நீரை மென்னீராக்கும் கருவி, போட நினைத்தால் முதலில் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மெக்னீசியம் அளவைச் சோதியுங்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவு) மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது, சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டுச் சோதிக்கும் கடினத்தன்மைக் கிட் வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600 வரை. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுவதால் டிடிஎஸ் குறையாது, உப்புக் கரிப்பும் போகாது. உள்ளே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளை உரிய நாளில் உப்புக் கரைசலால் கழுவாவிட்டால் கடின நீர் அப்படியே வெளியே வரும். குழாயில் மறுபடி வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முதலில் உப்புத் தொட்டியைத் திறந்து பாருங்கள்.